தொட்டில் ஆடுகிறது, தாய் வாடுகிறாள்!

தோழர்களே!

பிள்ளை பிறந்தது என்றதும் கற்கண்டு வழங்குகிறோம். தொட்டில் கட்டுகிறோம். எடை என்ன, நிறம் என்ன, யாருடைய சாயல் என்று ஆயிரம் கேட்கிறோம். பெற்றவளைப் பார்த்து, "உன் உள்ளம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

அவள் உறங்கவில்லை. உண்ணவில்லை. காரணமின்றிக் கண்ணீர் வடிக்கிறாள். ஈன்ற சேயை ஏந்தவும் அஞ்சுகிறாள். வீடு, "காற்றுக் கருப்பு" என்று வேப்பிலை தேடுகிறது. வீதியோ, "எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், பதறவில்லை" என்கிறது. பாட்டி பதறினாளா இல்லையா என்று எந்தப் பாட்டன் கேட்டான்?

மருத்துவம் இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறது: மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வு. பேயல்ல, நோய்! பிடிவாதமல்ல, பிணி! இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளிவந்த கணக்கு, தாய்மார் 100 பேரில் 22 பேரை இது வாட்டுகிறது என்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண்களை ஆராய்ந்து 2002 இல் வெளியான ஆய்வு காரணங்களையும் அடுக்கிற்று: குறைந்த வருவாய், ஆணை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, உதவிக்கு ஆளின்மை, மாமியாரோடு பிணக்கு. இவற்றில் எது விதி செய்த வினை? எது சமுதாயம் செய்த வினை?

ஆகவேதான் சட்டம் கேட்கிறோம்.

"வீட்டுக்குள் நடப்பதில் சட்டம் குறுக்கிடலாமா?" என்பர் கனதனவான்கள். 1829 இல் உடன்கட்டைக்குத் தடை வந்தபோதும், 1929 இல் குழந்தை மணத் தடைச் சட்டம் வந்தபோதும், வழக்கத்தில் கை வைக்காதே என்ற குரல் எழத்தான் செய்தது. குரல் ஓய்ந்தது, சட்டம் நின்றது!

இருக்கும் சட்டம் போதாதோ? பார்ப்போம். 1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017 இல் திருத்தப்பட்டு, 12 வார விடுப்பு 26 வாரமாயிற்று. வரவேற்கிறோம். பிரசவத்தால் வரும் நோய்க்கு மேலும் ஒரு மாதம் தந்த அச்சட்டம், மனநோயைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. எழுதாததை எந்த முதலாளி தருவான்? களையெடுக்கும் கரத்துக்கும் கல் சுமக்கும் சிரத்துக்கும் 26 வாரம் ஏது?

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட சேயைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது. நல்ல சொல்! பிரிக்காதே என்றது சட்டம்; சேர்த்துப் படுக்க வைக்கக் கட்டில் எங்கே?

நாம் கேட்பது மூன்று.

ஒன்று: தடுப்பூசிக்குச் சேயைத் தூக்கிவரும் ஒவ்வொரு தாயின் மனநலத்தையும் கேட்டறிவது சட்டப்படி கடமையாக வேண்டும். 1987 இல் வெளியான எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள், தமிழிலும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் இத்தகைய சோதனையை 2006 லேயே சட்டமாக்கிற்று.

இரண்டு: மனச்சோர்வுக்கென ஊதியத்தோடு விடுப்பு, கூலிப் பெண்ணுக்கு அரசின் உதவித்தொகை.

மூன்று: பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 இல் தொடங்கியது போன்ற தாய்-சேய் மனநலப் பிரிவு, மாவட்டந்தோறும்.

தோழர்களே! கிளைதோறும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதற்கு முன், அவரவர் வீட்டுத் தொட்டிலருகே நில்லுங்கள். இரவில் அழும் பிள்ளையை ஏந்துங்கள், பெற்றவள் உறங்கட்டும். "பெண்ணா பிறந்தது?" என்று முகம் சுளிப்பவன் நம் கொடி பிடிக்கத் தகுதியற்றவன்!

தாய்க்குலம் வாழ்க என்று மேடைதோறும் முழங்கினோம். தாய் வாழச் சட்டம் செய்வோம்!