மாத்திரைக்கு முன் சிறுநீரகத்தைப் பாருங்கள்

இதயம் தளர்ந்து கால் வீங்கியவர்களுக்கும், நாடி தாறுமாறாக ஓடுபவர்களுக்கும் டிகொக்சின் இன்றும் கொடுக்கப்படுகிறது. விலை மலிவான பழைய மருந்து. 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் டிஜிட்டாலிஸ் இலையின் பயனை எழுதிவைத்தார். அதே செடியினத்திலிருந்து 1930இல் டிகொக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இதில் இடைவெளி மிகக் குறைவு. இதயத் தளர்ச்சிக்கு ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும். 2ஐத் தாண்டினால் ஆபத்து.

இந்த மருந்தைப் பெரும்பாலும் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ஒன்றரை நாளில் பாதி இறங்கிவிடும். பழுதானவருக்கு நான்கைந்து நாள்கூட ஆகும். மாத்திரை மாறாது, உள்ளே சேர்வது மட்டும் ஏறும். பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டே சிறுநீரக நோயால் பெயர்பெற்ற ஊர். அதே மாவட்டத்தின் தோட்டப்புறமான பூனாகலை மலையில் அந்த நோய் அப்படிப் பெயர்பெறாவிட்டாலும், பிரஷரும் சீனி வருத்தமும் வயதும் சிறுநீரகத்தைத் தேய்க்கவே செய்யும். பசியில்லை, ஓங்காளம், பார்வை மஞ்சளாகத் தெரிகிறது என்று ஒரு மூதாட்டி சொன்னால், லயத்தில் அதை வயதின் மேல் போட்டுவிடுவது எளிது. மருந்து மிஞ்சியதற்கும் அதுவே அடையாளம்.

குடலுக்கும் இதில் பங்குண்டு. சிலரின் குடல் பாக்டீரியா டிகொக்சினைச் செயலிழக்கச் செய்கிறது. 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நியூயோர்க்வாசிகளில் 36 வீதத்தினரிடம் இது காணப்பட்டது. தென்னிந்தியர்களில் சுமார் 14 வீதம்தான். மேற்கத்தியப் பழக்கத்தை அப்படியே நம் மக்கள்மேல் வைத்துப் பார்க்கக்கூடாது என்பதற்கு இது போதும்.

டிகொக்சினின் உறவுக்கார நஞ்சு மஞ்சள் அலரியில் இருக்கிறது. இரண்டுக்குமே உதவும் எதிர்நஞ்சு அலரி நஞ்சுக்குப் பலன் தருகிறது என்று இலங்கையில் நடந்த ஆய்வே 2000இல் காட்டியது. பிறகு விலை கட்டுப்படியாகாமல் அது கிடைக்காமல் போனபோது மரணங்கள் கூடின. 2003இல் லான்செட் மருத்துவ இதழ் அதைப் பதிவுசெய்தது. நாடு ஏற்கனவே விலைகொடுத்துக் கற்ற பாடம் இது. பதுளை ஆஸ்பத்திரியில் இந்த எதிர்நஞ்சு எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும்.

அதைவிட மலிவானதும் அவசரமானதும் ஒன்று உண்டு. டிகொக்சின் எடுப்பவரின் இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினினும் பொட்டாசியமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கிளினிக் கொப்பியில் எழுதப்பட வேண்டும். நீர் போக்கும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைந்தால், சாதாரண அளவு டிகொக்சினே தீங்காகிவிடும்.

இரத்தத்தில் மருந்தளவு பார்க்கும் நேரமும் முக்கியம். விடியற்காலை மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறி, ஒன்பது மணிக்கு இரத்தம் கொடுத்தால் எண் பொய்யாக உயர்ந்திருக்கும். குறைந்தது ஆறு மணிநேரம் கழிய வேண்டும். கிளினிக் போகும் நாளில் ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் குடும்பத்தை, நேரம் தவறியது என்று மறுபடி வரச்சொல்வது கொடுமை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரையைப் போடலாமா என்று முதல் நாளிலேயே டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். இடையில் தோட்ட மருத்துவ உதவியாளர் நாடியை எண்ணிப் பார்த்து, 60க்குக் கீழே இருந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் ஆஸ்பத்திரியைக் கேட்கட்டும்.