ஞாயிற்றுக் குழம்பும் ஓய்வுநாளும்

இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் மக்கள் நாடுவது மீன் கடையை. தூத்துக்குடியிலிருந்து பனிக்கட்டியில் வந்த பாறை, சங்கரா, சாளை; கண்மாயில் நீர் கிடக்கும் மாதங்களில் கெண்டையும் விராலும். மீன் பையை அடுக்களையில் வைத்ததோடு குடும்பத் தலைவரின் கடமை முடிந்துவிடுகிறது. மல்லியும் மிளகாயும் வறுத்து, தேங்காயும் சீரகமும் கூட்டி அரைத்து, புளி கரைத்து, எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்க வைப்பது மனைவியின் பாடு. குழம்பு இறங்கும்போது மணி இரண்டு. பிள்ளைகள் பசியில் எதையாவது தின்று உறங்கியிருப்பர். மற்றவர்கள் உண்டு எழுந்தபின், தலையும் வாலும் எஞ்சிய சட்டியோடு அவள் தனியே அமர்கிறாள். இதற்குக் குடும்ப விருந்து என்று பெயர்!

1936-இல் இராஜபாளையம் மில்ஸ் தோன்றிய காலந்தொட்டு ஆலைச் சங்கொலிக்கு எழுந்து பழகிய வட்டாரம் இது. இன்று நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளிலும் பெண்கள் ஷிப்டு பார்க்கிறார்கள். ஏழாம் நாளாவது அவர்களுக்கு ஓய்வு உண்டா? விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரம் மகன், மகள், அடிமை, கால்நடை, அந்நியன் எனப் பெயர் சொல்லி ஓய்வு வழங்குகிறது. மனைவி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ‘நீ’ என்பதில் அவளும் அடக்கம் என்றே நாம் கொள்கிறோம். நம் இல்லங்களோ அதனை எழுத்துப் பிசகாமல் படித்துக்கொண்டன போலும். மாட்டுக்குக் கிடைத்த ஓய்வு அவளுக்குக் கிடைக்கவில்லை.

காரமும் வறுத்தரைத்த மசாலாவும் இன்றி மீன் குழம்பு உண்டா, அது நம் முன்னோர் மரபன்றோ என்பார்கள். எந்த முன்னோர்? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வந்த பின்னரே இம்மண்ணில் வேரூன்றியது. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த காலத்தில் அது புதிய விருந்தாளி. மிளகை ஒட்டித்தான் அதற்குப் பெயரே இட்டோம். வந்த விருந்தாளி வீட்டையே ஆளத் தொடங்கிவிட்டான்.

கெண்டைக்குச் சேற்று வாடை உண்டு, கல்லுப்பும் புளியும் இட்டு எத்தனை முறை தேய்த்தாலும் முழுதும் அகலாது, அதற்கு உறைப்பான குழம்பே தகும் என்பது மட்டும் நியாயமான மறுப்பு. ஏற்கிறோம். ஆனால் பாறைக்கும் சங்கராவுக்கும் அந்தச் சாக்கு செல்லாது.

அரைக் கிலோ மீனுக்கு ஒரு தேங்காய். முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாலில் பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் மூன்று, இஞ்சி, மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு இட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். புளிப்புக்கு மாங்காய்த் துண்டுகள். தவக்காலத்திலிருந்தே மாங்காய் கிடைக்கும் ஊர் அல்லவா இராஜபாளையம்! மற்ற மாதங்களில் தக்காளி போதும். வெங்காயம் வெந்ததும் மீனை இட்டால் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். ஈழத்தவரின் மீன் சொதி இதற்கு நெருங்கிய உறவு. மீனைக் கடையிலேயே வெட்டிக் கழுவி வாங்கினால் அரை மணி நேர வேலை. பல் இல்லாத பாட்டியும் பள்ளி செல்லாத குழந்தையும் கண்ணில் நீர் வராமல் உண்ணலாம். தாயும் அவர்களோடு அமரலாம்.

இனி, சமைப்பது யார் என்ற கேள்வி. யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் வலை வீசிக் களைத்துவந்த சீடர்களுக்காகத் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பின்மேல் மீனை வைத்து, அப்பமும் ஆயத்தம் செய்து, உண்ண அழைத்தவர் உயிர்த்த ஆண்டவர். அன்று பிடிபட்ட 153 மீன்களின் எண்ணுக்குப் பொருள் தேடிய விளக்கங்கள் ஏராளம். அடுப்பின் அருகே நின்றவரைப் பற்றிய மறையுரைகளோ அரிது. நம் பங்கு ஆண்கள் அவரைவிடப் பெரியவர்களா? மேலே சொன்ன பக்குவத்தில் வறுக்கவும் இல்லை, மசாலா அரைக்கவும் இல்லை. தேங்காய் துருவி, மிக்ஸியில் அடித்துப் பிழியத் தெரிந்தால் போதும். வருகிற ஞாயிறு, மீன் பையோடு அடுக்களைக்குள் நுழைகிறவர் அங்கேயே நிற்கட்டும்.