அந்தப் பிள்ளையை விளையாட விடுங்கள்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி கொடும்பாளூரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். மகளையும் கூட்டி வந்தாள். ஒன்பதாவது முடித்து பத்தாவது போகிற பிள்ளை, பள்ளிக் கால்பந்து அணியில் நன்றாக ஆடுகிறவள். "பத்தாவது வந்தாச்சு, இனிமே பந்து வேண்டாம்னு அவங்கப்பா சொல்லிட்டாரு டீச்சர். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். பிள்ளை தலையைக் குனிந்து நின்றாள். எனக்கு அப்போது பதில் வரவில்லை. பிறகு யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

2019 மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் இறுதிப் போட்டி நடந்தது. நம் மதுரையின் சேது எஃப்.சி. அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. 2017-இல் மணிப்பூர் அணி, 2018-இல் ஒடிசா அணி, மூன்றாவதாக நம் தமிழ்நாட்டு அணி. அதற்கு முந்தைய வருடம் கட்டாக்கில் மாநிலங்களுக்கிடையிலான தேசியப் போட்டியிலும் நம் பெண்கள் அதே மணிப்பூரை 2-1 என்று வென்றார்கள். மணிப்பூரில் பெண்கள் கால்பந்து ஆடுவது வீட்டு வழக்கம் போல. அவர்களையே ஜெயித்தவர்கள் நம் பிள்ளைகள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஐ.பி.எல். ஸ்கோர் மட்டும் விரல் நுனியில் இருக்கிறது.

அந்தப் பெண்களில் ஒருவர் கடலூர் இந்துமதி கதிரேசன். இந்திய அணிக்கும் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். பந்து அவர் வாழ்க்கையைக் கெடுக்கவில்லை. நம் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது.

ஆடுகிற எல்லோரும் இந்துமதி ஆகிவிட மாட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும். கோப்பைக்காக மட்டும் நான் சொல்லவில்லை. தோற்றுவிட்டு மறுநாள் காலையில் திரும்ப மைதானத்துக்கு வருவதை எந்தப் பாடப்புத்தகத்தில் சொல்லித் தருகிறோம்?

இப்போது என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடை எத்தனையோ முறை கணக்குக்கு வாங்கிக்கொண்டவள் நான். பையன்கள் முணுமுணுத்தால் "போய்த் தொலைங்கடா" என்று விட்டுவிடுவேன். பெண் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், அதனால் அவர்களை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்வேன். அதில் யாருக்கு என்ன திறமை இருந்ததோ, இன்று யாரிடம் போய்க் கேட்பது? நம்மூர் மூவர் கோயிலில் இரண்டு கோயில்கள் நிற்கின்றன, மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும்தான். அதைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் ஞாபகம் வருகிறது.

பெற்றோரின் பயமும் நியாயமானதுதான். இருட்டிய பிறகு பஸ், அடிபட்டால் என்ன செய்வது, ஊர் என்ன பேசும், எல்லாம் உண்டு. அதற்குப் பயிற்சியை ஆறு மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். நாலைந்து பிள்ளைகளாகச் சேர்ந்து வரட்டும், ஒரு அம்மா கூடப் போகட்டும். விளையாட்டை நிறுத்துவது ஒன்றுதான் வழி என்று முடிவு கட்டாதீர்கள்.

திருச்சியிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் என் பிள்ளைகளே, ஊர்த் திருவிழாவுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை எடுத்து, நீங்கள் படித்த பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ஷூவும் பந்தும் வாங்கிக் கொடுங்கள். முதலில் அங்கே ஒழுங்கான கழிப்பறை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல்தான் பாதிப் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவதில்லை.

என் மாணவிக்கும் அவள் வீட்டுக்காரருக்கும்: பிள்ளை பயிற்சி முடித்து நேராக என் வீட்டுக்கு வரட்டும். ஏழு மணியிலிருந்து கணக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு எனக்கும் கொஞ்சம் மறந்திருக்கும், சேர்ந்து போட்டுப் பார்ப்போம். பீஸ் எதுவும் வேண்டாம். அன்று வாங்கிய பீரியடுகளில் கொஞ்சமாவது திருப்பிக் கொடுத்ததாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்