ரெண்டு கையும் வேணும் பாஸ்!

செமஸ்டர் லீவுல எங்க அபிராமபுரம் பசங்க பாதிப் பேர் கோச்சிங் கிளாஸ், மீதிப் பேர் கிரிக்கெட்னு செட்டில் ஆகிட்டாங்க. நான் மட்டும் டிபன் பாக்ஸோட மந்தைவெளியில பறக்கும் ரயில் ஏறி, சென்ட்ரல்ல வண்டி மாறி, தினமும் அம்பத்தூர் போனேன். 1964-ல ஆரம்பிச்ச தொழிற்பேட்டை அது. அங்கே ஒரு சின்ன பிரஸ் ஷாப்ல ரெண்டு வாரம் இன்பிளான்ட் டிரெயினிங். பேரெல்லாம் கேட்காதீங்க, சர்ட்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரலை!

பவர் பிரஸ் தெரியும்ல? டை மேல தகடை வெச்சு பட்டனை அமுக்கினா, மேலேர்ந்து ராம் இறங்கி ஒரே அடியில வெட்டி, வளைச்சுத் தள்ளிடும். உங்க பைக்ல இருக்குற செயின் கவர், பிராக்கெட்டெல்லாம் இப்படிப் பிறந்ததுதான். ஆபரேட்டர் முன்னாடி ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டையும் சேர்த்து அமுக்கினாதான் ராம் இறங்கணும். ஏன்? ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, டைக்குள்ள விட மூணாவது கை கிடையாதே!

நான் போன இடத்துல இடது பக்க பட்டன்ல ஒரு மரத்துண்டைச் செருகி டேப் சுத்தியிருந்தாங்க. "ஏண்ணா இப்படி?"ன்னு கேட்டேன். "ஒரு கையால அமுக்கி, இன்னொரு கையால பீஸை எடுத்தா வேலை வேகமாப் போகும் தம்பி. டார்கெட் முடிக்கணும்ல"ன்னார் ஆபரேட்டர் அண்ணன். பீஸை எடுத்த அந்தக் கையில ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் கேட்கலை.

'அவருக்கு அறிவு வேணாமா?'ன்னு கிளம்பாதீங்க. ரெண்டு பட்டனையும் வெறும் சீரீஸ்ல கோத்து விட்டா, யார் வேணா ஒண்ணைக் கட்டிப் போடலாம். அதுக்குன்னே டூ-ஹேண்ட் ரிலே இருக்கு. ரெண்டு பட்டனும் அரை விநாடிக்குள்ள சேர்ந்து அமுங்கணும். ஒவ்வொரு அடிக்கும் ரெண்டையும் விட்டுட்டுத் திரும்ப அமுக்கணும். மரத்துண்டு செருகினா மெஷின் அசையவே அசையாது!

பட்டனை எங்கே வைக்கிறதுங்கிறதும் ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான். கை நகரும் வேகத்தை விநாடிக்கு 1.6 மீட்டர்னு எடுத்துப்பாங்க. பட்டனை விட்டதும் ராம் நிக்க 0.3 விநாடி ஆகுதா? அதுக்குள்ள கை 48 செ.மீ. போயிடும். ஸோ, பட்டன் அதைவிடத் தள்ளித்தான் இருக்கணும். பழைய பின் கிளட்ச் பிரஸ் இன்னும் மோசம். கிளட்ச் ஒரு தடவை பிடிச்சா, முழுச் சுத்தும் முடியாம நிக்காது. லைட் கர்ட்டன் வெச்சும் பிரயோஜனமில்லை, கை உள்ளே போகாத மாதிரி தடுப்புதான் வழி.

சின்ன ஷாப்லதான் ஆபத்துன்னு நினைக்காதீங்க. 2010 அக்டோபர் 31. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில பேனல் லோடிங் மெஷின்ல சிக்கி ஒரு இளம் பெண் ஊழியர் இறந்துபோனாங்க. நம்மளவிட ரெண்டு, மூணு வயசுதான் பெரியவங்க. 2014-ல அந்த ஆலையையே மூடிட்டாங்க. இன்னிக்கும் நினைச்சா பக்குனு இருக்கு.

மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மூணே விஷயம்...

1. ஸ்டார்ட் பட்டனுக்கு முன்னாடி எமர்ஜென்சி ஸ்டாப் எங்கேன்னு பாருங்க. கைக்கு எட்டுதா?

2. அடைப்பு எடுக்கணுமா? மெயினை ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, சாவியை உங்க பாக்கெட்ல வைங்க. மோட்டார் நின்னாலும் ஃப்ளைவீல் கொஞ்ச நேரம் சுத்தும். அது நிக்கட்டும், காத்து பிரஷரும் இறங்கட்டும்.

3. ஐடி கார்டு டேக், துப்பட்டா, மோதிரம், லூஸ் ஹேர் எல்லாத்துக்கும் வொர்க்‌ஷாப்ல லீவு.

ஒண்ணு சொல்லணும். அந்த ஷாப்ல டார்கெட் ஷீட்ல கையெழுத்துப் போடுறவர், போன வருஷம் பாஸ் அவுட் ஆன இன்ஜினீயர். மரத்துண்டைப் பார்த்துட்டேதான் தினமும் தாண்டிப் போவார். ரெண்டு வாரமா நானும் அப்படித்தான் போனேன். கடைசி நாள் தைரியம் வந்து, "ரிலே மாத்தலாமே சார்"னு கேட்டேன். "பார்க்கலாம்"னார்.

கேம்பஸ்ல செலக்ட் ஆகி, அந்த நாற்காலிக்கு நாளைக்கு நீங்களும் போவீங்க. முதல் நாள் ரவுண்ட்ஸ்லயே கொஞ்சம் குனிஞ்சு பட்டனைப் பாருங்க பாஸ். அங்கே ஒரு மரத்துண்டு இருந்தா, என்னை மாதிரி கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க.