பதில் சொல்லாத கருவியைக் கழற்றிவிட்டால் ஆபத்து போய்விடுமா?

டவுன் வீடுகளில் பூட்டும் பாதுகாப்பு அலாரத்தில் ஒரு தொல்லை உண்டு. கதவிலோ ஜன்னலிலோ ஒட்டியிருக்கும் சென்சர் ஒன்று திடீரென்று பதில் சொல்லாமல் போய்விடும். பேட்டரி தீர்ந்திருக்கும், ஈரம் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் நடுவில் கனமான சுவர் இருக்கும். இந்தச் சென்சர்கள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "நான் இருக்கேன்" என்று தாய்ப்பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியவை. அந்தக் குரல் நின்றுபோனால் பெட்டி விடாமல் கத்தும். கத்தலை நிறுத்த சுலபமான வழி, அந்தச் சென்சரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது. நீக்கினால் பச்சை விளக்கு வந்துவிடும், எல்லாம் சரி என்று பெட்டி சொல்லும். பின்கதவை மட்டும் இனி யாரும் பார்க்கமாட்டார்கள்.

கெட்டுப்போனதைக் கழற்றக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. செத்த கருவியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கத்தவிட்டால், வீட்டுக்காரர் எரிச்சலில் மொத்த அலாரத்தையுமே அணைத்துவிடுவார். கழற்றத்தான் வேணும். ஆனால் அது ஏன் பேசவில்லை என்று போய்ப் பார்த்த பிறகு, அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டுக் கழற்ற வேணும். வெறுமனே பட்டியலைச் சுத்தம் செய்வது பாதுகாப்பு இல்லை, சத்தத்தை அடக்குவது.

அலாரமே இல்லாத லயத்தைப் பற்றிப் பேச இது எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்கு ஆபத்து கதவு வழியாக வருவதில்லை. காம்பராவுக்குப் பின்னால் நிற்கிற மலை வழியாக வருகிறது. அந்த மலைக்கும் அலாரம் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலை மாவட்டங்களில் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. அவை அனுப்பும் அளவை வைத்துத்தான் மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். லயமே அந்த இலக்கத்தை நம்பித்தான் தூங்குகிறது.

அந்த இலக்கம் வராவிட்டால்? மழை இல்லை என்பதும் தகவல் இல்லை என்பதும் ஒன்றா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. பல இடங்களில் கரண்டும் போனது, ஃபோனும் போனது, பாதையும் போனது. தூரத்திலிருந்து பேசும் எந்தக் கருவிக்கும் ஃபோன் டவர் வேணும், பேட்டரி வேணும். அதாவது அது ஊமையாகிப்போக அதிக வாய்ப்புள்ள ராத்திரியும், நமக்கு அது கட்டாயம் பேச வேண்டிய ராத்திரியும் ஒன்றுதான். அப்படிப்பட்ட ராத்திரியில் மௌனத்தைச் சைபர் என்று படிப்பது மிகப் பெரிய முட்டாள்தனம்.

ரயில்வேக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1872இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் கண்டுபிடித்த தண்டவாளச் சுற்றில், மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால்தான் சிக்னல் பச்சை. ரயில் ஏறினாலும் சிவப்பு, கம்பி அறுந்தாலும் சிவப்பு, பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு. தெரியவில்லை என்றால் ஆபத்து என்றே எடுத்துக்கொள் என்பதுதான் அந்தக் கணக்கு. ரயிலுக்குக் கொடுத்த மரியாதையை லயத்துக்குக் கொடுக்க 150 வருஷம் பத்தவில்லையா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்சர் பேசியும் பெட்டி கேட்காத கதை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்ப வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை போயிருந்தது. அங்கே கருவி கெட்டுப்போகவில்லை. கேட்க வேண்டியவர்கள்தான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த பேச்சு எங்கள் எல்லோருக்கும் பழகிப்போனது: "சொன்னோம், அவங்கதான் போகல."

போவதென்றால் எங்கே போவது? லயம் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. பக்கத்துக் காணியும் தோட்டத்துடையது. மழைக்குப் பயந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்கூல் ஹோலுக்குப் போனால் அன்றைக்குப் பேர் கிடையாது. ரெண்டு தரம் போய் மலை சரியாவிட்டால் மூன்றாம் தரம் அம்மாவே சொல்லுவார், "எல்லாம் சும்மா, படு" என்று. இது அறியாமை இல்லை. வெளியேறுகிற செலவு முழுவதையும் தொழிலாளி தலையில் கட்டினால் யாரும் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

தோட்டத்தில் பேட்டரி தேவைப்படாத சென்சர்களும் இருக்கிறார்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு விழுந்தது, மரம் சாய்ந்தது, பீலித் தண்ணீர் கலங்கலாக வந்தது, காம்பராக் கதவு இறுகிப் பூட்டமாட்டேன் என்றது: இதையெல்லாம் முதலில் பார்ப்பவர்கள் கொழுந்தெடுக்கும் பெண்கள். மண்சரிவுக்கு முன்னால் கவனிக்கச் சொல்லி நிபுணர்கள் கொடுக்கும் அடையாளங்களும் இவையேதான். அக்கா கங்காணியிடம் சொல்லுவார், கங்காணி ஆபிஸில் சொல்லுவார், அதோடு கதை முடிந்தது. அவர் பெயரும் பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட சென்சர்தான்.

காசில்லை என்று சொல்லாதீர்கள். அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலமுள்ள போத்தல் ஒன்றை வாயைத் திறந்து வெட்டவெளியில் வைத்தால் அதுவே மழைமானி. அதில் 15 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 150 மில்லிமீற்றர் மழை. ஸ்கூல் பிள்ளையின் அடிமட்டத்தில் பாதி. இது டவர் விழுந்தாலும் பேசும். லயத்துக்கு ஒன்று வைத்து, ராத்திரியில் முறை போட்டுப் பார்க்க எங்கள் வயதுப் பொடியன்களும் பிள்ளைகளும் போதும். ஆனால் போத்தலைக் காட்டிவிட்டு அரசும் கம்பெனியும் கைகழுவ விடமாட்டோம்.

நாங்கள் கேட்பது இதுதான். பதில் சொல்லாத எந்தக் கருவியையும் மாற்று வைக்காமல் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. எந்தக் கருவி எந்தத் தேதியிலிருந்து பேசவில்லை என்பதைப் பிரட்டுக்களத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேணும். தமிழ் 1987இலிருந்து அரசியலமைப்பில் ஆட்சிமொழி, இது சலுகை இல்லை. அடைமழை நேரத்தில் கருவி ஊமையானால் அதையே எச்சரிக்கையாக எடுத்து ஆட்களை எழுப்ப வேணும். எச்சரிக்கையில் வெளியேறிய நாளுக்கு முழுப் பேர் போட வேணும். சிவப்பு என்று குறித்த இடத்து லயங்களுக்குப் பாதுகாப்பான காணியும் அதன் உறுதியும் கொடுக்க வேணும்.

கடைசிக் கோரிக்கை இல்லாமல் மற்ற நான்கும் ஆட்களை ஓடவைத்துத் திரும்ப அதே லயத்துக்குத்தான் கொண்டுவரும். அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் டிவிஷனில் மழைமானி எங்கே இருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று கிராம சேவகரிடமும் தோட்டத்து ஆபிஸிலும் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.