கல்லின் ரேகையும் கூலியின் நீதியும்



அண்மையில் புதுமனை ஆசீர்வாதம் ஒன்றுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். வலிகாமத்தின் உட்கிராமம் ஒன்றில், போரினால் கூரை இழந்து பல ஆண்டுகளாகப் பற்றை மண்டிக் கிடந்த காணியில், வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தால் எழுந்த வீடு அது. செபமும் தீர்த்தம் தெளித்தலும் நிறைவுற்றபின், வீட்டுத் தாயார் என்னைக் குசினிக்கு அழைத்துச் சென்றார். அங்கே பளபளக்கும் கறுப்புக் கிரனைற் மேடையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகே, தலைமயிர் அளவில் ஒரு கோடு. யன்னல் வெளிச்சம் சரிவாக விழும்போது மாத்திரமே அது கண்ணுக்குப் புலப்பட்டது. அக்கோட்டின் படத்தைக் கைபேசியில் கண்ட மகன், கல் பதித்தவருக்கு மிச்சக் கூலியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கல் பதித்தவரோ, அழைப்பை மதித்து வந்திருந்தும் பந்தியில் அமராது கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கோட்டைப் பற்றியும் கிணற்றடியில் நின்ற அந்த மனிதரைப் பற்றியும் இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நமது குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டு தொடங்கி 1990இல் ஓயும்வரை அரைத்தது இந்தக் கல்லைத்தான். யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும் நெடுந்தீவின் வேலிகளிலும் நாம் காண்பது முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமே. நெடுந்தீவு வேலியில் ஒரு கல்லைப் போல் மறுகல் இராது. சாந்து எதுவும் இன்றி, ஒன்றன் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்த அடுக்கப்பட்டே அவை நிற்கின்றன. ஆனால் கருங்கல் நம் மண்ணில் இல்லை. இன்று நம் குசினிகளை அலங்கரிக்கும் கிரனைற் பலகைகள் கடல் கடந்து, பெரும்பாலும் இந்தியாவின் கல்லகழிகளிலிருந்து வருபவை. ஆகவே அக்கல்லின் இயல்பு நமக்குப் பழக்கமானதன்று. பழக்கமில்லாத ஒன்றில் குறை காண்பது எளிது. நீதியாகக் குறை காண்பது கடினம்.

கிரனைற் என்பது நிலத்தின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்து உறைந்த கல். குவாட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமங்கள் அதில் மணிமணியாகக் கோத்துக் கிடக்கின்றன. இவற்றுள் மைக்கா மென்மையானது; மினுக்கும்போது அது செதிலாக உதிர்ந்து, ஊசிமுனை அளவிலான குழிகளை விட்டுச்செல்லும். கல் குளிர்ந்தபோதும் பின்னர் நிலத்தினடியில் நெருக்குண்டபோதும் தோன்றிய மெல்லிய ரேகைகளும் அதில் இருக்கும். இவை கல்லின் பிறவிக் குறிகள். எந்த வேலையாளும் இவற்றை உண்டாக்கவில்லை. எந்த வேலையாளாலும் இவற்றை முற்றாக நீக்கவும் முடியாது.

வெடிப்பு என்பது வேறு. பலகையை ஏற்றி இறக்கும்போதோ, தொட்டிக்காக வெட்டும்போதோ, அடியில் போதிய தாங்கல் இன்றிப் பதிக்கும்போதோ அது நேரிடுகிறது. தொட்டியின் முன்புறத்து ஒடுங்கிய பகுதியில்தான் இந்த ஆபத்து அதிகம். ரேகையையும் வெடிப்பையும் வேறுபடுத்தி அறிய எளிய வழி ஒன்றுண்டு. கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடையின்றி வழுக்கிச் சென்றால் அது பெரும்பாலும் ரேகை. நகம் சிக்கினாலோ, ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்திருந்தாலோ வெடிப்பு எனச் சந்தேகிக்கலாம். அறிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

கைப்பிழைகளும் உண்டு. விளக்குகளை அணைத்துவிட்டு ரோச் வெளிச்சத்தைப் பலகையோடு ஒட்டிப் பாய்ச்சினால், மினுக்கும் இயந்திரம் விட்டுச்சென்ற வட்டக் கீறல்கள் தெரியும். இரு பலகைகள் சேரும் பொருத்தில் ஒன்று மற்றதிலும் உயர்ந்து நிற்பதும் வேலையின் குறையே. இவற்றைத் திருத்தித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. கேளாமலே திருத்திக் கொடுப்பது வேலையாளின் கடமை.

இவை இரண்டிலும் கொடியது வணிகத்தின் பொய். மங்கலான கல்லுக்குக் கறுப்புச் சாயமூட்டி, உயர்ந்த கறுப்புக் கல் என்று விற்போர் உலகெங்கும் உளர். வாங்குமுன் வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். நகப்பூச்சு அகற்றும் அசிற்றோனை வெள்ளைத் துணியில் நனைத்து அத்துண்டில் தேயுங்கள். துணி கறுத்தால் அது சாயம். தேசிக்காய்ச் சாற்றைச் சில துளி விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடையுங்கள். உண்மையான கிரனைற் அதற்கு அசையாது. மங்கிய தழும்பு விழுந்தால், நாளாந்தம் புளியும் தேசிக்காயும் புழங்கும் நமது குசினிக்கு அக்கல் ஏற்றதன்று. கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் நூல் நமக்குக் கற்பிக்கின்றது. சாயமிட்ட கல்லும் கள்ளத் தராசுதான்.

இப்போது என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கூறவில்லை. பொய்யைப் பொறுப்பது புண்ணியமாகாது. ஆனால் கல்லின் இயல்பை வேலையாளின் குற்றமாக்கி அவரது கூலியைத் தடுத்துவைப்பது அநீதி. கூலியாளின் ஊதியம் ஓர் இரவுகூட நம் கையில் தங்கலாகாது என்பது லேவியர் நூலின் கட்டளை. கொடுபடாத கூலியின் கூக்குரல் ஆண்டவரின் செவிகளை எட்டிவிடும் என்று புனித யாக்கோபு செல்வரை எச்சரிக்கின்றார். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது எத்தனையோ பாவங்களை நினைவுகூருகின்ற நாம், வீடு கட்டியவர்களின் கணக்கு முடிந்துவிட்டதா என்று எண்ணிப்பார்ப்பதுண்டா?

நமது பழைய குசினிகளிலும் கருங்கல் இருந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் அதுவே. அவற்றின் முகம் தேய்ந்து வழுவழுப்பானால் அம்மாமார் மகிழ்ந்ததில்லை, உளிகொண்டு பொளிவிப்பார்கள். சிறு குழிகள் விழுந்தால்தான் மிளகாயும் தேங்காயும் அரைபடும். அன்று கல்லின் பெருமை அதன் பயனில் இருந்தது; இன்று அதன் பளபளப்பில் இருக்கின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அம்மியைத் தூக்கிச் செல்ல யாரால் முடிந்தது? திரும்பி வந்தபோது கூரையும் கதவும் போன வீட்டில் அம்மி மட்டும் அப்படியே கிடக்கக் கண்டு அழுத தாய்மார் நம்மிடையே உளர். அவர்கள் அதில் ரேகை இருக்கின்றதா என்று பார்க்கவில்லை.

அவ்வாறு அழுத தாய்மார் இன்று புதிய மேடையில் ஒரு சட்டியை வைக்கவும் அஞ்சுவதைக் கண்டிருக்கிறேன். கீறல் விழுந்தால் மகன் கோபிப்பான் என்று, பின்புறத்துக் கொட்டிலில் விறகடுப்பில் சமைப்பவர்களும் உண்டு. பிள்ளைகளே, நீங்கள் அனுப்பிய பணம் தாயின் கைக்கு இளைப்பாறுதல் தரவேண்டும். அவளைக் காவற்காரியாக்கக் கூடாது.

இயேசு ஆண்டவர் சீமோனுக்குப் பாறை என்று பெயரிட்டார். அந்தப் பாறையில் ரேகை ஓடுவதை அவர் அறியாதவரா? முற்றத்துத் தீயருகே மும்முறை மறுதலித்த அவனை அவர் எறிந்துவிடவில்லை. ஏரிக்கரையில் இன்னொரு தீயருகே மும்முறை அன்பைக் கேட்டு, தம் ஆடுகளை அவனிடமே ஒப்படைத்தார். நமது ஆலயப் பீடத்தையும் எண்ணிப்பாருங்கள். நிலையான பீடத்தின் மேற்பலகை இயற்கைக் கல்லால், அதுவும் ஒரே கல்லால் அமைவதே திருச்சபையின் மரபு என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு கூறுகின்றது. அது கேட்பது இயற்கைக் கல்லை. மறுவற்ற கல்லை அன்று. ஆயர் கிறிஸ்மா தைலம் பூசும்போது அக்கல்லின் ரேகைகளும் சேர்ந்தே அருட்பொழிவு பெறுகின்றன.

நமது வீடுகளிலும் ரேகை ஓடிய மனிதர் உளர். முகாமிலிருந்து திரும்பியபின் அதிகம் பேசாத அண்ணன், தேர்வில் தவறிய மகள், மறதியால் ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்கும் தாத்தா. இவர்களில் நாம் காண்பது ரேகையா, வெடிப்பா? வெடிப்பாயின் தாங்கல் கொடுப்போம். ரேகையாயின் அதனோடு வாழப் பழகுவோம். இரண்டிலும் ஒளித்துவைத்தலுக்கு இடமில்லை.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தாயாரின் நகம் அக்கோட்டின்மீது தடையின்றி வழுக்கிச் சென்றது. ஆனால் மூலைப் பொருத்தில் சிக்கியது. கிணற்றடியில் நின்றவரை அழைத்தோம். அவர் தடவிப் பார்த்து, "இது என்ரை பிழைதான் அம்மா, நாளைக்கு வந்து சரியாக்கித் தாறன்" என்றார். கோட்டைக் காட்டியபோது, "அது கல்லோடை பிறந்தது" என்று மட்டும் சொன்னார். தாயார் மகனோடு தொலைபேசியில் பேசினார். இரவு வேலை செய்து சேர்த்த காசில் தாயை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற வேதனையே அவரது கோபத்தின் அடியில் கிடந்தது. விளங்கியதும், மிச்சக் காசை உடனே கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அதன்பின் அந்த மனிதர் கைகழுவிவிட்டு வந்து எங்களோடு பந்தியில் அமர்ந்தார். வீட்டின் ஆசீர்வாதம் அப்போதுதான் நிறைவுற்றதாக எனக்குத் தோன்றியது.

அன்பானவர்களே, உங்கள் வீட்டுக் கிணற்றடியில் யாராவது இன்னும் நிற்கின்றார்களா? இன்றே உள்ளே அழையுங்கள்.