ஒரு பருவம் போதாது

கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகத்தையும் உள்ளடக்கிய திட்டம் குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2023 ஏப்ரல் 3 அன்று பிறப்பித்த ஆணையை நம் வாசகர்களில் பெரும்பாலோர் படித்திருப்பார்கள். 130.75 சதுர கிலோமீட்டர் காட்டுக்கான வன அனுமதியில் அமர்வு தலையிடவில்லை. மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடும் ஏற்பாட்டை இந்த இதழ் ஏற்கவில்லை, ஏற்கப்போவதுமில்லை. சுற்றுச்சூழல் அனுமதியில் மட்டும் மூன்று குறைகளை அமர்வு சுட்டிக்காட்டியது. 20,668 பவளத் திரள்களில் 16,150ஐ இடம்பெயர்ப்போம் என்ற அறிக்கை, எஞ்சிய 4,518 என்னவாகும் என்று சொல்லவில்லை. துறைமுகத்துக்கு அனுமதியில்லாத கடலோர ஒழுங்குமுறை மண்டலம் (சி.ஆர்.இசட்.) 1-ஏ பகுதியில் திட்டத்தின் ஒரு பகுதி விழுவதாக அமர்வு கண்டது. மூன்று பருவத் தரவு வேண்டிய இடத்தில் ஒரு பருவத் தரவே தரப்பட்டிருக்கிறது.

முதலிரண்டு குறைகளுக்கும் திருத்திய வரைபடமும் கூடுதல் பக்கங்களும் கொடுத்துப் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்குக் காலம் மட்டுமே பதில். அந்தக் காலத்தைக் கொடுக்கத்தான் யாருக்கும் மனமில்லை.

தீவின் கலத்தியா விரிகுடாவில் முட்டையிடும் லெதர்பேக் எனும் தோணியாமை ஆண்டுதோறும் கரையேறுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதே பெண்ணாமை திரும்பி வருகிறது. இடைக்காலத்தில் அது எங்கே போகிறது? சிறிய அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகளில் சில ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கமும் சில ஆப்பிரிக்கப் பக்கமும் போயின. இப்படிப்பட்ட விலங்கை ஒரே பருவத்தில் எண்ணி ‘தாக்கம் குறைவு’ என்று எழுத முடியாது.

கரையும் நிலையானதன்று. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் தீவின் தென்முனை சுமார் 4 மீட்டர் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடித்தளம் கடலுக்குள் போயிற்று. கலத்தியாவின் மணற்கரை அழிந்தது. பிறகு மெல்ல மெல்ல மணல் சேர்ந்தது, ஆமைகளும் திரும்பின. 2005இல் ஒரு பருவம் மட்டும் அளந்திருந்தால் இங்கே ஆமையே இல்லை என்று சான்றிதழ் கொடுத்திருக்கலாம். நிக்கோபார் மெகபோட் பறவையின் கதையும் இதுவே. அந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலைக்குப் பின் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 70 விழுக்காடு சரிந்தது என்று இன்று சொல்கிறோம். கோவை சாலிம் அலி மையத்தின் ரவி சங்கரன் 1990களில் கரை கரையாக நடந்து முட்டை மேடுகளைப் பதிவுசெய்து வைத்ததால்தான் அதைச் சொல்ல முடிகிறது. அந்தப் பழைய பதிவு இல்லையென்றால் இழப்பு நடந்ததே தெரிந்திருக்காது.

அடிப்படைத் தரவுக்காக இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை வாதாடியாயிற்று. நீண்டகாலக் கண்காணிப்புக்கு நிதி கேட்ட முன்மொழிவுகள் ‘புதுமை இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வருவதை இத்துறையில் அறியாதவர் இல்லை. தீவுக்குள் நுழையும் அனுமதிக்காகக் காத்திருந்தே ஒரு முட்டையிடும் பருவம் கைநழுவிப்போவதும் வழக்கமாகிவிட்டது. ஆய்வாளன் பத்தாண்டு கேட்டால் மறுக்கும் அதிகாரம், 72,000 கோடி ரூபாயாக அப்போது மதிப்பிடப்பட்ட திட்டத்துக்கு ஒரு பருவ அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு 2022 நவம்பரில் அனுமதி கொடுத்துவிட்டது. 2021 ஜனவரியில் கலத்தியா சரணாலயத்தின் அறிவிக்கையை நீக்க ஒப்புதல் தந்ததும் இதே அதிகாரம்தான். அதே ஆண்டு வெளிவந்த கடலாமைச் செயல்திட்டத்தில் அந்த விரிகுடாவை முக்கிய வாழிடமாகக் குறித்ததும் திட்டத்துக்கு அனுமதி கொடுத்த இதே ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம்தான். தன் ஆவணத்தைத் தானே மதிக்காத துறையிடம் நாம் வேறு எந்த ஆவணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

அனுமதியை மறு ஆய்வு செய்ய அமர்வு 2023இல் அமைத்த உயர்நிலைக் குழுவுக்கும் அமைச்சகச் செயலரே தலைவராக இருந்தார். அனுமதி கொடுத்தவர்களிடமே அதன் மறு ஆய்வும் ஒப்படைக்கப்பட்டது. நிதி ஆயோக், கப்பல் துறை ஆகியவற்றின் பிரதிநிதிகளுக்கு இடம் இருந்தது. அரசுக்கு வெளியே இருக்கும் சூழலியலாளருக்கு இடம் தரப்படவில்லை. ஆமைக்கான பாதுகாப்புத் திட்டம் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் பொறுப்பு, பவளத்துக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம். இரண்டும் குழுவிலும் அமர்ந்தன. அங்குள்ள சக ஆய்வாளர்களின் நேர்மையை ஐயுறவில்லை. அவர்களை இந்த இக்கட்டில் நிறுத்தியது தவறு என்கிறோம்.

மூன்று பருவத் தரவு முழுமையாகத் திரட்டப்பட்டு, மூலத் தரவோடு வெளியிடப்படும் வரை சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்திவைக்கப்பட வேண்டும். இந்த இதழின் நிலைப்பாடு அதுவே. குழுவுக்குத் தரப்பட்டது இரண்டு மாத அவகாசம். அந்தக் காலத்தில் ஒரு பருவம்கூட முழுமையடையாது. ஆகவே கிரேட் நிக்கோபாரில் களப்பணி செய்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் கூடுகள் பற்றிய பதிவுகள், டிரான்செக்ட் தாள்கள், தேதியிட்ட புகைப்படங்கள் எவ்வளவு பழையவையாக இருந்தாலும் அமைச்சகத்துக்கு எழுத்துவடிவில் அனுப்புங்கள். ஒரு படியை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள்.